மேங்கோங் வண்டி ஏறிய கதை

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நான் முதலில் இரண்டாகப் பிரித்துவிடுவேன். ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் ‘மேங்’, சுவர்ப் பக்கம் இருப்பவர்கள் ‘கோங்’. நான் கையை நீட்டியதும் ஒரு பக்கம் கத்த வேண்டும், மறு பக்கம் பதில் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து எட்டிப் பார்க்கவில்லை என்றால் அன்றைக்குக் கதை எடுபடவில்லை என்று அர்த்தம்.

மேங்கோங் எங்கள் ஊர்த் தவளை. ஆவியில் வேகவைத்த பன் மாதிரி உருண்டையாக இருக்கும். வாய் மட்டும் யாரோ பென்சிலால் லேசாகக் கோடு போட்டது போலச் சின்னது. வருஷத்தில் பெரும்பாலான நாள் மண்ணுக்குள்தான் கிடக்கும். பின்னங்கால்களால் தோண்டித் தோண்டிப் பின்பக்கமாகவே உள்ளே இறங்கிவிடும். ஜூன் கடைசியில் மழைக்காலம் பிறந்து வானம் மூடிக்கொண்டு கொட்டும்போது மேலே வரும். ஒன்று ‘மேங்’ என்றால் பக்கத்தில் இருப்பது ‘கோங்’ என்னும். கூட்டத்தில் தன் குரல் தொலைந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதிலிருந்து மாற்றிக் கத்தும். தூரத்தில் நின்று கேட்டால் ஒரே தவளை இரண்டையும் சேர்த்துச் சொல்வது போல இருக்கும்.

என் பெயர் தோ மோரன். பள்ளிச் சமையலறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். தோள்பட்டை போனதும் பெரிய குழம்புச் சட்டியைத் தூக்க முடியாமல் வேலையை விட்டேன். சாப்பாட்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் கதை சொல்வதைத் தலைமையாசிரியர் பார்த்திருந்தார். “சட்டிதான தூக்க முடியல, வாய் நல்லாத்தான இருக்கு” என்று சொல்லி, நகராட்சியின் கதைசொல்லிகள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டார். ஏழு வருஷம் பதினோரு பள்ளிகளில் சொன்னேன். நீர்நாய், சிறுத்தைப் பூனை என்று நிறையக் கதைகள் உண்டு. ஆனால் பிள்ளைகள் கேட்டு வாங்கியது குண்டன் கதைதான்.

குண்டன் ஒரு மேங்கோங். மழை வந்தால் அவன் ‘மேங்’ என்பான், எதிர்க்கரையிலிருந்து ஒரு ‘கோங்’ வரும். ஒரு வருஷம் மண்வெட்டும் இயந்திரம் வருகிறது. குண்டன் இன்னும் ஆழமாக இறங்கிவிடுகிறான். மழை பெய்கிறது. கஷ்டப்பட்டு மேலே வந்து கூப்பிடுகிறான். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிடுகிறான். பதில் இல்லை. அங்கே நான் நிறுத்திவிடுவேன். எதுவும் சொல்லாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில வகுப்பில் ஒரு நிமிடம்கூட ஆகும். யாராவது ஒரு பிள்ளை, பெரும்பாலும் வாயே திறக்காத பிள்ளை, மெதுவாக ‘கோங்’ என்னும். பிறகு எல்லோரும் கத்துவார்கள்.

மழை வந்ததும் ஒரு மதியம் மழைக்கோட்டு மாட்டி அவர்களைப் பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் சதுப்புக்குக் கூட்டிப் போவேன். எங்கள் ஊரில் அதற்குப் பாங்ஜுக் என்று பெயர். கோரைப் புல்லும் சேறும் தவிர அங்கே ஒன்றுமில்லை. வரிசையாக நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். உள்ளிருந்து அந்தச் சத்தம் எழும்பும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

படங்கள் சோஹா வரைந்தது. முழுப் பெயர் நாம் சோஹா, ‘நாம்’ குடும்பப் பெயர்; என்னைவிட ஏழு வயது இளையவள். பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்த இடம் மூடிப்போய், வேறு வேலை தேடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பழக்கமானாள். முதல் நாள் என் கதையைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாள். அடுத்த வாரம் எட்டடி நீளத்தில் ஒரு படச்சுருள் வரைந்து கொண்டு வந்தாள். குண்டனை அவ்வளவு அழகாக நான்கூட நினைத்துப் பார்த்ததில்லை. அன்றிலிருந்து நான் சொல்வேன், அவள் சுருளைப் பிரிப்பாள். வகுப்பு முடிந்ததும் சந்தை முனையில் சிப்பி போட்ட நூடுல்ஸ் சாப்பிடுவோம். என் கிண்ணத்திலிருக்கும் சிப்பியெல்லாம் அவளுக்கு, அவளுடைய முள்ளங்கிக் கிம்ச்சி எனக்கு. எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. அவள் “அக்கா” என்று கூப்பிடும்போது அந்த இடம் நிறைந்தது போல இருக்கும்.

நான் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் சோஹாதான், “அக்கா, இதைப் புத்தகமாப் போடலாம். நீங்க சும்மா சொல்லுங்க, நான் போன்ல பதிஞ்சுக்கறேன்” என்றாள். சொன்னேன். ஏதோ ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு எப்போது கேட்டாலும், “அச்சகத்துல நிக்குது அக்கா” என்பாள்.

போன வருஷம் மழைக்காலத்தில் பாங்ஜுக்கைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பிளாஸ்டிக் வேலி போட்டிருந்தார்கள். வேலி ஓரமாகக் குழி தோண்டி வாளி புதைத்திருந்தது. “என்னடி இது?” என்று சோஹாவைக் கேட்டேன்.

“எத்தனை இருக்குன்னு எண்ணிக்கை எடுக்கறாங்க அக்கா. நல்ல விஷயம்தான?”

நல்ல விஷயம் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

டிசம்பரில் பலகை நட்டார்கள். பாங்ஜுக்கை நிரப்பி அடுக்குமாடி வீடுகள் வரப்போகின்றன. நான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என்னுடையது, இரண்டாவது சோஹாவுடையது. பனியில் காது மரத்துப்போக அவளும் என்னோடு நாலு தெரு நடந்தாள். கடைக்காரர் ஒருவர், “தவளைக்கு வீடு வேணும்னா எனக்கும் என் பையனுக்கும் வேண்டாமா?” என்று கேட்டபோது, “உங்க பையன் மண்ணுக்குள்ளயா இருக்கான்?” என்று அவள்தான் பதில் சொன்னாள். அவரே சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பலிக்கவில்லை. ஏப்ரலில் லாரி லாரியாக மண் கொட்டினார்கள். நான் பத்து நாள் அந்தப் பக்கமே போகவில்லை. குட்டை போனாலும் கதை இருக்கிறது, பதினோரு பள்ளியிலும் யாராவது ஒரு பிள்ளை ‘கோங்’ என்று சொல்லும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஜூன் முதல் வாரம் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் பியோ சாரின் வகுப்புக்குப் போனேன். சோஹாவுக்கு அன்று காய்ச்சல் என்று செய்தி வந்திருந்தது. சுருள் இல்லாமல் நான் மட்டும் சொன்னேன். இயந்திரம் வந்தது. குண்டன் ஆழத்துக்குப் போனான். மழை வந்தது. மேலே ஏறினான். கூப்பிட்டான். நான் நிறுத்தினேன்.

முன் வரிசையில் தானி என்று ஒரு பெண். இரண்டு முன்பல்லும் விழுந்து புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. கையைத் தூக்கினாள்.

“டீச்சர், தப்பு.”

“என்ன தப்பு?”

“குண்டன் அங்க இல்ல. அவன்தான் வண்டியில ஏறிப் போயிட்டானே.”

“ஆமா டீச்சர்! ஹெல்மெட் மாமா லெட்டர் குடுப்பாரு” என்றான் பின்னாலிருந்து இல்வூ என்ற பையன்.

“நீங்க சொன்ன கதையையே நீங்க மறந்துட்டீங்க!” என்றது இன்னொரு குரல். வகுப்பே சிரித்தது. கேலியாக இல்லை, பாசமாகத்தான். மேஜைக்கடியிலிருந்து ஒவ்வொருவராகப் புத்தகத்தை எடுத்தார்கள். பளபளவென்று புதுப் புத்தகம். சுற்றுச்சூழல் வாரத்துக்காக நகராட்சி ஊரிலுள்ள எல்லா மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. அட்டையில் குண்டன். கதை: தோ மோரன். படம்: நாம் சோஹா.

அந்த நிமிடத்தில் நான் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் முகம் சுடுகிறது. இருபத்திநாலு பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன். “அட ஆமா, மறந்தே போயிட்டேன்” என்று தலையில் தட்டிக்கொண்டேன். மீதிக் கதையை அவர்களே புத்தகத்தைப் பார்த்து ஒரே குரலில் வாசித்து முடித்தார்கள். நான் கை தட்டினேன்.

வாசலில் காலணி அலமாரிப் பக்கம் உட்கார்ந்து புத்தகத்தைப் படித்தேன். முக்கால்வாசி என் வார்த்தைகள்தான். மூச்சு வாங்கும் இடம்கூட என்னுடையது. இயந்திரம் வந்த பிறகுதான் மாறுகிறது. ஹெல்மெட் போட்ட நல்ல மாமா ஒருவர் மண்ணைத் தட்டிக் குண்டனை எழுப்புகிறார். மனிதர்களுக்கு வீடு வேண்டும், உனக்குப் புது வீடு தருகிறோம் என்று கடிதம் கொடுக்கிறார். குண்டன் யோசித்து, “சரி மாமா” என்கிறான். வண்டியில் ஏறி இயந்திரத்துக்குக் கையாட்டுகிறான். புதுக் குட்டையில் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: “அடேயப்பா, எவ்வளவு பெரிய ஜன்னல்! எவ்வளவு வெளிச்சம்!”

தவளைக்கு எதற்கு ஜன்னல் என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

அந்த ஜன்னல் வரி என் அம்மா சொன்னது. எனக்கு எட்டு வயதில் எங்கள் ஊர் அணைத் தண்ணீருக்குள் போனது. அரசாங்க லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வரிசை வீடு ஒன்றில் இறக்கிவிட்டார்கள். தம்பி கீழே இறங்காமல் அழுதான். அவனைச் சமாதானப்படுத்த அம்மா அந்த இரண்டு வரியைச் சொன்னாள். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அந்த ஜன்னலின் திரையை அவள் விலக்கியதில்லை. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவின் திதி அன்று, படையல் எடுத்து வைத்த பிறகு, சோஹாவிடம் மட்டும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். சலவைக் கடைக்கு மேல் மாடி. காய்ச்சல் எதுவும் இல்லை. தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

“உட்காருங்க அக்கா. பார்லித் தண்ணி தரட்டுமா?”

“ஒண்ணே ஒண்ணு சொல்லு. என்கூட நின்னு கையெழுத்துப் போட்டப்ப இது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“அந்த வாளி?”

“அதுவும் தெரியும். புடிச்சு வேற இடத்துல விடத்தான் வச்சாங்க. அப்பவே நகராட்சியில புத்தகத்துக்குப் பேசியிருந்தாங்க.”

நான் உட்காரவில்லை. அவள் ஈரக் கையை மேலங்கியில் துடைத்துத் துடைத்து நின்றாள்.

“குட்டை எப்படியும் போயிருக்கும் அக்கா. நாம ரெண்டு பேரும் லாரிக்கு முன்னால படுத்திருந்தாலும் போயிருக்கும். சோகமா முடிஞ்சா அச்சடிக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. இப்ப பாருங்க, ஊர்ல ஒரு பிள்ளை விடாம எல்லாருக்கும் மேங்கோங்னா என்னன்னு தெரியும். நீங்க ஒருத்தரா எத்தனை வகுப்புக்குப் போயிருப்பீங்க?”

“தெரியும்தான். அது சந்தோஷமாக் கெளம்பிப் போச்சுன்னும் தெரியும்.”

“பிள்ளைங்க அழணுமா?”

“அழட்டுமே. அழுதா என்ன? நானும் நீயும் அழல?”

மேஜைமேல் இன்னொரு படம் காய்ந்துகொண்டிருந்தது. குண்டன் ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் குனிந்து வணக்கம் சொல்கிறான். புதுக் குடியிருப்பின் சுவரில் மாட்டுவதற்கான படம். குடியிருப்புக்கே மேங்கோங் கிராமம் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சோஹா.”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

“ஆமா.”

“அதான் கேக்கல.”

இவ்வளவு நேரம் அவள் என்னை நேராகப் பார்த்துத்தான் பேசினாள். அம்மாவைப் பற்றிக் கேட்டபோதுதான் தலை குனிந்தது.

“என் அம்மா சொன்னதை எதுக்குடி எடுத்த? வேற வார்த்தையே கிடைக்கலயா?”

“எழுதும்போது தானா வந்துருச்சு அக்கா. நல்ல வரி அது.”

“எப்படிப்பட்ட வரின்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றாள், மிக மெதுவாக.

படியிறங்கும்போது சலவைக் கடை அம்மா, “என்ன மோரன், இன்னைக்கு நூடுல்ஸ் இல்லியா?” என்று கேட்டாள். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

மழைக்காலம் பிறந்தது. பிள்ளைகளைத் தவளைகளின் புது வீட்டுக்கு அழைத்துப் போக நகராட்சி பேருந்து அனுப்பியது. பியோ சார் எனக்குப் போன் செய்தார். அவருக்கு நடந்தது தெரியாது. “நீங்க வந்தாத்தான் பிள்ளைங்க வருவாங்களாம், ஒரே பிடிவாதம்” என்றார். போகாமல் இருந்திருக்கலாம். எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. நிஜமாகவே அங்கே தவளைகள் இருந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கழிவுநீர் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் குட்டை. கறுப்புப் பிளாஸ்டிக் விரித்து, மேலே ஒரு சாண் மண் போட்டு, வரிசையாகச் செடி நட்டிருந்தார்கள். சுற்றிலும் மரப்பலகை நடைபாதை. முன்னால் ஒரு பெரிய பலகை, அதில் ஹெல்மெட் அணிந்த குண்டன். குக் என்று பெயர் அட்டை மாட்டிய நகராட்சி இளைஞர் குடையோடு நின்றார்.

“நூத்தி நாப்பத்திரண்டு மேங்கோங் இங்க குடி வந்திருக்கு. கூப்பிட்டுப் பாருங்க!”

பிள்ளைகள் தாங்களாகவே இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றார்கள். “மேங்!” என்றார்கள். மழைத்துளி கரையோரம் நீட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக்கில் விழுந்து பட்பட்டென்றது. நெடுஞ்சாலையில் லாரிகள் போயின. “மேங்!” மறுபடியும் அதே. இரண்டு நாளாக விடாமல் மழை, கறுத்த வானம். மேங்கோங் கத்துவதற்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

திடீரென்று ‘மேங், கோங், மேங், கோங்’ என்று கேட்டது. பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். “இருக்கு! இருக்கு டீச்சர்!” என்று ஒருத்தி என் கையைப் பிடித்து உலுக்கினாள். தானி மட்டும் குதிக்கவில்லை. சத்தம் வந்த திசையில் நடந்துபோய்ப் பலகையில் காதை வைத்தாள். அங்கே இல்வூ ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“டேய், கையை எடு” என்றாள். எடுத்தான். சத்தம் நின்றது.

“தவளை இல்ல. இந்தப் பெட்டிதான் கத்துது.”

“புது இடம் பாருங்க, கூச்சப்படுதுங்க. அடுத்த வருஷம் வந்தா கண்டிப்பா கத்தும்” என்றார் குக்.

தானி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. மழைக்கோட்டின் தொப்பியைத் தள்ளிவிட்டு என்னிடம் வந்தாள்.

“டீச்சர், அதுங்க இங்க வந்து சந்தோஷமா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே.”

“கடைசிப் பக்கமெல்லாம் நான் சொன்னது இல்லம்மா. நான் சொன்ன கதையில அது எங்கயும் போகல.”

“உங்க பேரு இருக்கு.”

“இருக்கு. மத்தவங்க மாத்திட்டாங்க.”

மழைநீர் அவள் நெற்றியில் வழிந்தது.

“அப்ப அன்னைக்கு நான் தப்புன்னு சொன்னப்ப, இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல? மறந்துட்டேன்னு சொன்னீங்க. கை தட்டினீங்க.”

மூன்று வாரமாக, சோஹா எனக்குச் செய்த துரோகத்தைத்தான் சுமந்துகொண்டிருந்தேன். அதை அப்படியே கைமாற்றி இந்தப் பிள்ளைகளுக்கு நானும் கொடுத்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம் வரை உறைக்கவில்லை.

“என்ன சொல்றதுன்னு தெரியல, தானி. வெட்கமா இருந்துச்சு.”

“அதுக்குப் பொய் சொல்வீங்களா?”

“சொன்னேன். தப்புதான்.”

அவள் திரும்பிப் போய்ப் பேருந்தில் ஏறிக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் பிள்ளைகள் பாடவில்லை. இல்வூ ஒருமுறை, “அப்ப குண்டன் செத்துட்டானா?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மைதான். சில மண்ணுக்குள் இருக்கலாம். பிளாஸ்டிக்குக்கு மேலே ஒரு சாண் மண்ணில் எப்படி ஒரு குளிர்காலத்தைக் கழித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

குட்டைக்கரையில் நான் பிள்ளையிடம் சொன்னது நகராட்சிக்குப் போயிருக்க வேண்டும்; அடுத்த வாரம் கதைசொல்லிகள் பட்டியலில் என் பெயர் இல்லை என்று அங்கிருந்து இரண்டு வரியில் செய்தி வந்தது. நானும் ஒரு கடிதம் எழுதினேன். என் பெயரைப் புத்தகத்திலிருந்து எடுங்கள், கடைசி ஆறு பக்கத்தையும் எடுங்கள் என்று. ஆகஸ்டில் மறுபதிப்பு வந்தது. என் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆறு பக்கமும் அப்படியே இருந்தது. என் அம்மாவின் ஜன்னலும்.

சோஹாவைச் சந்தையில் ஒருநாள் பார்த்தேன். கையில் வெங்காயத்தாள் கட்டு. “அக்கா” என்றாள். பழக்கதோஷம், என் கால் நின்றுவிட்டது. அவள் முகம் இளைத்திருந்தது. சாப்பிட்டாயா என்று வாய்வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தேன். ஏழு வருஷத்தில் நான் அவளுக்குச் சொல்லாத விஷயம் ஒன்றுகூட இல்லை. வெறுக்கக்கூட அவளிடம்தான் யோசனை கேட்க வேண்டும் போல இருந்தது.

செப்டம்பரில் பியோ சார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“வியாழக்கிழமை ரெண்டாவது பீரியட். வாங்க.”

“சார், நான் பட்டியல்லயே இல்ல. நீங்கதான் பேச்சு வாங்கணும்.”

“வாங்கிட்டுப் போறேன். அந்தப் பொண்ணு தினமும் என்கிட்ட கேக்குது, அந்த டீச்சர் எப்ப வந்து மீதியைச் சொல்லுவாங்கன்னு. எனக்குத் தெரியாதே மீதி.”

போனேன். படச்சுருள் இல்லை, பை இல்லை, வெறுங்கை. தானி முன் வரிசையில் இல்லை. கடைசி வரிசைக்கு மாறியிருந்தாள். முன்பற்கள் இரண்டும் நன்றாக வளர்ந்திருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து நின்றாள்.

“டீச்சர், இன்னைக்குச் சொல்லப்போறது நடந்ததா, கட்டினதா?”

“நடந்தது.”

“முழுசாச் சொல்வீங்களா?”

“எனக்குத் தெரிஞ்ச வரைக்கும். தெரியாத எடத்துல தெரியலன்னு சொல்லிடுவேன்.”

“நீங்க தப்பு பண்ணது?”

“அதுவும் இருக்கு.”

பியோ சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தானி உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள். நம்பிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன், கேட்கத் தயாராக இருந்தாள், அவ்வளவுதான். போன வருஷம் மழையில், பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் யாரோ முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி போட்டார்கள் என்று ஆரம்பித்தேன்.